டோல்மா எந்தக் கண்ணாடியில்?

செங்டு, ஏப்ரல் 14

அக்காவுக்கு,

நீ போனைப் படக்கென்று வைத்த பிறகு மூன்று முறை கூப்பிட்டேன். நான்காவது முறை எடுத்தது பக்கத்து வீட்டு லுமோ. "உங்க அக்கா போனை என் கையில குடுத்துட்டு மேட்டுல இருந்து எறங்கிப் போயிட்டா. இனிமே போனே வேணாமாம். போன்ல நீ பேசிப் பேசியே அவளைச் சரின்னு சொல்ல வெச்சிடுறியாம். மொதல்ல இருந்து எல்லாத்தையும் எழுதி, கீழ கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம்," என்றாள். சொந்த அக்காவின் மனசை நான் லுமோ வாயால் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சரி, எழுதுகிறேன். பஸ் ஓட்டும் கோன்போ கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

மேட்டுக் கோயிலின் கூரை உளுத்துவிட்டது. டோல்மா தாயின் மண்சிலைக்கு முதுகில் இரண்டு விரல் நுழைகிற வெடிப்பு. இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் அவளுக்குத் தண்ணீர் வைக்கிற உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் முதலில் இருந்து என்று நீதானே கேட்டாய். செர்லுங்கில் ஒரு பண்பாட்டு அருங்காட்சியகம் கட்டுவது என்று மாவட்டத்தில் முடிவாகி, வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. வேறு யாராவது வரைந்தால் நாலு தங்கக் கூரையும் வாசலில் ஒரு பிளாஸ்டிக் யாக்கும் வைத்துவிடுவார்கள் என்று பயந்து, நான் சண்டை போட்டு வாங்கினேன். மண்ணை இடித்து எழுப்பிய சுவர். எதிர்மலையின் முகடு போல ஏறி இறங்கும் கூரை. உள்ளே வருகிறவர் வலமாகவே சுற்றி ஏறி, ஏழு அறைகளைப் பார்த்துவிட்டுக் கடைசியில் பின்சுவரை ஒட்டி வந்து சேரும் இடத்தில் டோல்மா. பழைய கோயில் இருக்கும் அதே இடம், ஒரு சாண்கூட நகரவில்லை; அதைச் சுற்றிச் சுவர் எழும்பிவிட்டது, கூரைதான் பாக்கி. படம் இத்துடன் இருக்கிறது.

போன வாரம் லாமா லோத்ரோ சடங்கு செய்தார். சிற்பி முதுகைத் திறப்பதற்கு முன்னால், சிலையை விட்டு எழுந்து கண்ணாடிக்குள் வந்து தங்கும்படி டோல்மாவை வேண்டிக்கொண்டார். உள்ளங்கை அகலப் பித்தளைக் கண்ணாடி. அதை மஞ்சள் துணியில் சுற்றினார். நம் ஊர்ப் பஞ்சாங்கப்படி ஐந்தாம் மாதம் பதினைந்தாம் நாள், திறப்பு விழாவன்று, கண்ணாடியிலிருந்து அவளைத் திரும்பவும் சிலைக்கு அழைப்பார்கள். அதுவரை கண்ணாடி உன் வீட்டில் இருக்கட்டும் என்று நீ சொன்னாய். கட்டட ஆபீஸின் இரும்பு அலமாரியில் இருக்கட்டும் என்று நான் சொன்னேன். உன் வீடு ஒழுகுகிறது, ஆடு உள்ளே வருகிறது, லுமோவும் வருகிறாள். இதில் நான் செய்த குற்றம் என்னவென்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

டோல்மா பத்திரமாகத் திரும்பி வந்து அவள் இடத்தில் உட்காருவாள். இது என் வாக்கு. கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

நம்கா


செர்லுங், மூன்றாம் மாதம் பதினெட்டு

நம்கா,

கையெழுத்து நன்றாக இருக்கிறது. படம்தான் புரியவில்லை. நானும் லுமோவும் நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். "யாக் தோலைக் காயப்போட்டு ஆணி அடிச்ச மாதிரி இருக்குடி," என்றாள். எதிர்மலையின் முகடு போலக் கூரை என்று எழுதியிருக்கிறாய். எதிர்மலைதான் எதிரிலேயே நிற்கிறதே, அதை எதற்கு இன்னொரு தடவை செய்ய வேண்டும்? கோபப்படாதே, தெரியாமல்தான் கேட்கிறேன்.

என் கஷ்டம் வேறு. சடங்கு முடிந்த மறுநாள் காலையில், கை பழகிய பழக்கத்தில் ஏழு கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டேன். சிற்பி அவள் முதுகைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே சுருட்டி வைத்திருந்த மந்திரத் தாள்களையெல்லாம் எடுத்து ஒரு ஆப்பிள் கூடையில் போட்டிருந்தார். முகம் மட்டும் அதே முகம். "அக்கா, இது இப்ப வெறும் மண்ணு. நீ தண்ணி வெச்சா என் கால்தான் தட்டிவிடும்," என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நான் கையில் தண்ணீரோடு நிற்கிறேன். யார் முன்னால் வைப்பது?

கண்ணாடி எங்கேயோ அங்கேதானே அவள் என்று ஆபீஸுக்குப் போனேன். ரிக்சின் வாத்தியார் இருந்தார். பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வு பெற்றவர் இப்போது உன் அருங்காட்சியகத்துக்காக வீடு வீடாகப் பழைய சாமான் கேட்டு வாங்கி அலமாரியில் அடுக்குகிறாரே, சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்குகிறது.

"என்ன பல்மோ, இங்க எதுக்குக் கிண்ணம்?"

"டோல்மாவுக்குத் தண்ணி வாத்தியாரே."

"இது ஆபீஸு."

"அவ ஆபீஸ்லதான இருக்கா? நான் என்ன பண்றது?"

அலமாரிக்கு முன்னால் தரையிலேயே வரிசையாக வைத்தேன், கிண்ணத்துக்குக் கிண்ணம் ஒரு பார்லி மணி இடைவெளி விட்டு. தினமும் வைக்கிறேன். மேஸ்திரிகள் தாண்டித் தாண்டிப் போகிறார்கள், தண்ணீரில் சிமெண்டுத் தூசி விழுகிறது. இரும்புக் கதவுக்குப் பின்னால் இருக்கிறவளுக்கு நான் வந்தது தெரியுமா, தெரியாதா? லாமாவைக் கேட்கலாம் என்றால் அவர் சடங்கு முடிந்த கையோடு மூன்று வருஷத் தனிவாசத்துக்குள் போய்விட்டார். குகை வாசலைக் கல் வைத்துக் கட்டியாகிவிட்டது.

சாவியை என்னிடம் கொடுக்கச் சொல். இல்லையா, கண்ணாடியைக் கொடுக்கச் சொல். பால் கறக்க நேரமாகிவிட்டது, இதோடு நிறுத்துகிறேன்.

பல்மோ


செங்டு, மே 9

அக்கா,

சாவியைக் கொடுக்க முடியாது. அலமாரிக்கு ஒரு சாவி, ஒரு பொறுப்பாளர், அதுதான் விதி. உனக்குக் கொடுத்தால் நாளைக்கு லுமோ வந்து தன் வெண்ணெயை வைக்க இடம் கேட்பாள். இன்னும் ஒன்றரை மாதம்தானே, கொஞ்சம் பொறுத்துக்கொள்.

இங்கே மூன்று வாரமாகக் கூரையோடு மல்லுக்கட்டுகிறேன். பனி எவ்வளவு விழும், எந்தப் பக்கம் சரியும் என்று கேட்டால் இங்கிருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் மறந்துதான் போயிருக்கிறது. வடக்குச் சரிவில் பனி எந்த மாதம் வரை கிடக்கும்? அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

ஒரு நல்ல செய்தி. வாத்தியாருக்கு நானே எழுதியிருந்தேன்: அலமாரியில் இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து, சுற்றியிருக்கும் துணிகளை நீக்கி, நன்றாகத் துலக்கி, எண் போட்டு, படம் எடுத்து அனுப்புங்கள் என்று. மனிதர் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார். படங்கள் நேற்று வந்தன. கல்யாணப் பெண் இடுப்பில் தொங்கவிடும் கண்ணாடி, குறி பார்க்கும் கண்ணாடி என்று நம் ஊர்க்காரர்கள் பதினோரு பித்தளைக் கண்ணாடிகள் கொடுத்திருக்கிறார்கள். பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. மூன்றாம் அறையின் நீலச் சுவர் முழுக்க அவற்றைப் பதித்தால், கணவாயின் மேலிருந்து பார்க்கும்போது தெரியுமே அந்த ஏரிகள், அப்படியே இருக்கும். மாவட்ட அலுவலருக்கும் படத்தை அனுப்பினேன். விழா அழைப்பிதழின் அட்டையில் இதைத்தான் போட வேண்டும் என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார்.

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

நம்கா


செர்லுங், நான்காம் மாதம் எட்டு

நம்கா,

பத்து வீடுதான் கண்ணாடி கொடுத்தது. வீட்டுக்கு ஒன்று. பதினொன்று இல்லை.

உன் கடிதத்தை லுமோவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பதினொன்று என்ற இடத்தில் அவள் விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தாள். அவளுடைய கல்யாணக் கண்ணாடி, கோன்போ வீட்டுக் கண்ணாடி, பாலத்தடி வீடு என்று வரிசையாகச் சொல்லி, "பத்துதான்டி வருது," என்றாள். மறுபடி எண்ணினோம். அதே பத்து. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

அலமாரி திறந்து கிடக்கிறது. மேஜைமேல் பதினோரு கண்ணாடியும் வரிசையாக, முதுகில் எண் ஒட்டி, பல் விளக்கும் பேஸ்ட் போட்டுத் தேய்த்து, நேற்று வார்த்தவை போல மின்னுகின்றன. மஞ்சள் துணி எங்கே இருந்தது தெரியுமா? வாத்தியாரின் வெந்நீர் பிளாஸ்க்குக்கு அடியில், மடித்து.

"வாத்தியாரே, மஞ்சத் துணியில இருந்தது எது?"

"எல்லாமே ஏதோ ஒரு துணியிலதான் இருந்துச்சு."

"அய்யோ, அது டோல்மா!"

"துணியெல்லாம் எடுங்கன்னு உன் தம்பிதான் எழுதினான். நான் பாட்டுக்கு எடுத்தேன். இந்தா, கடுதாசி இருக்கு, நீயே படி."

படித்தேன். உன் கையெழுத்துதான். அது எப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது.

அந்தக் கண்ணாடியை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. லாமா கொண்டுவந்தார், லாமா சுற்றினார். சடங்கு நடக்கும்போது நான் தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தேன். அதனால் கொடுத்த பத்துப் பேரையும் கூப்பிட்டோம். அவரவர் கண்ணாடியை அவரவர் எடுத்துக்கொண்டால் மிச்சம் இருப்பது அவளுடையது, அவ்வளவுதானே என்று நினைத்தேன். "இதான் என்னுது, ஓரத்துல நசுங்கியிருக்கு," என்று லுமோ முதலில் ஒன்றை எடுத்தாள். "என்னுதும் நசுங்கித்தான் இருக்கும்," என்றார் கோன்போ. பார்த்தால் நாலு கண்ணாடி நசுங்கியிருக்கிறது. எல்லோருக்கும் புகைக் கறைதான் அடையாளம், அதைத்தான் வாத்தியார் தேய்த்து எடுத்துவிட்டாரே. விஷயம் இன்னதென்று தெரிந்ததும் எல்லோரும் மேஜையை விட்டு நகர்ந்தார்கள். தெரியாமல் டோல்மாவைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்புக்கு மேலே மாட்டிவிட்டு, அவளுக்கு எதிரிலேயே குடித்துச் சண்டை போட்டால் என்ன ஆவது? லுமோ எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டாள். "என்னுதுன்னுதான் நெனச்சேன். இப்பச் சொல்லத் தெரியல," என்றாள். இரண்டு பேருக்கு மட்டும் பயமில்லை, ஆசை. ஒரே கண்ணாடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். பிடுங்கி வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இன்றைக்குத் தண்ணீர் வைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் நாள். பெரிய பனி விழுந்த வருஷம்கூட வைத்தேன். இப்போது எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

பல்மோ


செங்டு, மே 27

அக்கா,

எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

நான் எழுதியதுதான். வாத்தியாரைத் திட்டாதே. அந்த அலமாரியில் டோல்மா இருக்கிறாள் என்று உனக்கு வாக்குக் கொடுத்தவன் நான். அலமாரியில் இருப்பதையெல்லாம் எடுத்துத் துலக்குங்கள் என்று எழுதியவனும் நான். இரண்டையும் எழுதியபோது ஒன்று இன்னொன்றை இடிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றாமல் போயிற்று என்று யோசிக்கிறேன், பிடிபடவில்லை. படங்களில் பதினோரு கண்ணாடியையும் பார்த்தேன் அக்கா. எவ்வளவு அழகு என்று மட்டும்தான் பார்த்தேன்.

இப்போது செய்ய வேண்டியதைப் பார்ப்போம். லாமா கொண்டுவந்த கண்ணாடி மடத்துக் கண்ணாடியாகத்தான் இருக்கும். அப்படியானால் பதினொன்றில் எது மிகப் பழசோ அது அவளுடையது. உலோகத்தைச் சோதித்து வயது சொல்லும் இடம் இங்கே இருக்கிறது. பதினொன்றையும் பஞ்சில் பொதிந்து கோன்போவிடம் கொடுத்து அனுப்பு. ஆனால் வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? வேண்டாம், அனுப்பாதே. முதலில் லாமாவைக் கேட்போம். தனிவாசத்தில் இருப்பவரோடு பேசக்கூடாது, தெரியும். சாப்பாடு போகிற பொந்து வழியாக ஒரு சீட்டுப் போகலாம் இல்லையா? அனுப்புவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். என்னால் முடியவில்லை.

திறப்பு விழா தேதியை மாற்ற முடியாது. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

நம்கா


செர்லுங், நான்காம் மாதம் இருபத்திரண்டு

நம்கா,

குகைக்குப் போனேன். ஒரு பகல் நடை. லாமாவுக்குப் பணிவிடை செய்யும் துறவி முதலில் சீட்டைத் தொடவே மாட்டேன் என்றார். நானும் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டாம் நாள், "ஒரே ஒரு வரிதான், அதுக்கு மேல கூடாது" என்று சொல்லி சாம்பா மாவுக் கிண்ணத்துக்கு அடியில் வைத்து உள்ளே தள்ளினார். மூன்றாம் நாள் காலிக் கிண்ணத்தோடு பதில் வந்தது. தேயிலைப் பொட்டலத் தாளின் பின்பக்கம் எழுதியிருந்தார். அப்படியே எழுதுகிறேன்:

"மடத்துக் கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தது. அதனால் சடங்குக்கு முதல் நாள் சந்தையில் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் ஒரு கூடை நிறைய வைத்திருந்தார், மேலாக இருந்ததை எடுத்தேன். சடங்கின்போது நான் பார்த்தது அவளை. கண்ணாடியை நான் பார்க்கவில்லை. இனிமேல் எழுத வேண்டாம்."

திரும்பி வரும் வழியெல்லாம் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மிகப் பழசு அவளுடையது என்றாயே, அவளுடையது புத்தம் புதுசு. சரி, புதுசாகப் பார்த்து எடுப்போம் என்று ஊரைக் கூட்டிச் சொன்னால், கோன்போ தலையைச் சொறிகிறார். "பல்மோ, என்னுதும் அந்தக் கடையில வாங்கினதுதான். போன வருஷம். வாத்தியாரு பழசு பழசுன்னு கேட்டாரா, வீட்டுல வேற ஒண்ணும் இல்ல. அடுப்புப் புகையில ஒரு வாரம் மாட்டி வெச்சுக் கொடுத்தேன்." அவர் ஆரம்பித்ததும் இன்னும் மூன்று பேர் மெதுவாக ஒப்புக்கொண்டார்கள். பாலத்தடி வீட்டுக் கண்ணாடிக்கு முந்நூறு வயசு என்று வாத்தியார் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார். அதுவும் சந்தைச் சரக்குதான். உன் அருங்காட்சியகத்தின் லட்சணம் இது.

கடைசியில் எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. பதினொன்றில் ஒன்றில் அவள் இருக்கிறாள். அதில் சந்தேகமில்லை. அப்படியானால் பதினொன்றுக்கும் தண்ணீர் வைத்துவிட்டால் அவளுக்கு வைத்தது ஆகிவிடும். கண்ணாடிக்கு ஏழு கிண்ணம், மொத்தம் எழுபத்தேழு. கோயில் கிண்ணம் ஏழுதான் இருக்கிறது. மற்றதற்கு டீக் கோப்பை, நூடுல்ஸ் கிண்ணம், ஜாம் பாட்டில் மூடி என்று ஊரெல்லாம் கடன் வாங்கியிருக்கிறேன். விடியலில் ஆரம்பித்தால் நிரப்பி முடிக்க உச்சி வெயில் ஆகிறது. சாயங்காலம் எல்லாவற்றையும் கொட்டித் துடைத்துக் கவிழ்க்க வேண்டும். மூட்டுவலி எப்படி என்று கேட்டாயே, அதுவும் நலமாக இருக்கிறது. லுமோ உதவ வருகிறாள். ஆனால் அவளுக்கு எது தன் கண்ணாடி என்று தோன்றுகிறதோ அதற்கு மட்டும் சுத்தமான கோப்பையாகப் பார்த்து வைக்கிறாள். கேட்டால், "ஒருவேள அதுல இருந்தா?" என்கிறாள்.

பல்மோ

வடக்குச் சரிவில் பனி மூன்றாம் மாதம் முடிகிற வரை கிடக்கும். இதுகூடவா மறந்துபோகும்?


செங்டு, ஜூன் 9

அக்கா,

உனக்கு நிம்மதி தரும் ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. இங்கே பல்கலைக்கழகத்தில் சடங்கு நூல்களைப் படித்த நம் ஆள் ஒருவர் பேராசிரியராக இருக்கிறார். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். டோல்மா என்ன வாடகை வீட்டிலா இருக்கிறாள், கதவு எண் தெரியாமல் தேடுவதற்கு என்றார். அவள் எங்கும் இருப்பவள், கண்ணாடி ஒரு அடையாளம்தான், எங்கிருந்து அழைத்தாலும் வருவாள் என்றார். அதனால் பதினொன்றில் ஏதாவது ஒன்றை எடுத்து மஞ்சள் துணியில் சுற்றி மடத்துத் துறவியிடம் கொடுத்துவிடு. பரவாயில்லை. யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. எழுபத்தேழு கிண்ணத்தையும் நிறுத்து, உன் உடம்பைப் பார்.

விழாவுக்கு என்னால் வர முடியாது போலிருக்கிறது. அதே வாரம் இன்னொரு கட்டடத்துக்கு வரைபடம் ஒப்படைக்க வேண்டும்.

நம்கா


செர்லுங், ஐந்தாம் மாதம் நான்கு

நம்கா,

உன் பேராசிரியர் சொன்னது சரியாகவே இருக்கட்டும். மறுத்துப் பேச எனக்குப் படிப்பு கிடையாது. அவள் எங்கும் இருக்கிறாள் என்றால் நான் ஏன் இருபத்திரண்டு வருஷம் அந்த மேட்டை ஏறினேன்? என் அடுப்படியிலேயே வைத்திருக்கலாமே. எனக்கு இதை யாராவது விளங்கச் சொல்லுங்கள். ஏறியது தப்பா, இல்லை இப்போது தேடுவது தப்பா?

ஏதோ ஒரு கண்ணாடியைச் சுற்றிக் கொடு, யாரும் கேட்க மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்கு உன் மேல் அருவருப்பாக இருந்தது. சொல்லக் கூடாதுதான், சொல்லிவிட்டேன். நான் கேட்பேனே. தினமும் காலையில் அந்தச் சிலை முன்னால் நிற்கப்போவது நான்தானே, உன் பேராசிரியரா?

நீ கடைசியாக இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. மலையைப் படத்தில் பார்க்கிறாய், சுவரைப் படத்தில் பார்க்கிறாய், கண்ணாடியைப் படத்தில் பார்க்கிறாய். அதனால்தான் உனக்கு எல்லாமே பரவாயில்லை. அலமாரியில் வைக்கச் சொன்னவன் நீ, துலக்கச் சொன்னவன் நீ. ஒரு நாள் வந்து எழுபத்தேழு கிண்ணத்தை நிரப்பிவிட்டு, அப்புறம் சொல் பரவாயில்லை என்று.

பல்மோ


செர்லுங், ஐந்தாம் மாதம் பதினேழு

நம்கா,

நீ பதில் போடவில்லை. இரண்டு சனிக்கிழமை கோன்போவைக் கேட்டேன், இரண்டு தடவையும் கையை விரித்தார். நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டியது என் கடமை, சொல்கிறேன்.

வழி கண்டுபிடித்தவள் லுமோ. விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் டீக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "எதுக்குடி ஒண்ணத் தேடுறோம்? பதினொண்ணையும் கொண்டுபோயிடலாம். ஆளுக்கு ஒண்ணு கையில புடிச்சுக்கிட்டு அவளச் சுத்தி நிப்போம். எவ கையில இருந்தாலும் அங்கதான இருக்கா?" என்றாள். நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மடத்திலிருந்து வந்த துறவியைக் கேட்டோம். கூடாது என்று எங்கேயும் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை என்றார். கூடும் என்றும் அவர் சொல்லவில்லை.

பத்து வீட்டிலிருந்தும் வீட்டுக்கு ஒருவர், பதினோராவதாக நான். கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டோம். சிலையைப் புதுசாகப் பூசி, முதுகை மூடி, தங்கம் வைத்திருந்தார்கள். சுற்றி நின்று கண்ணாடிகளை அவள் பக்கமாகத் திருப்பினோம். ஆசைப்பட்டு இழுத்துக்கொண்டார்களே, அந்த இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். என் கண்ணாடி கனத்தது போல இருந்தது, அப்புறம் இல்லாதது போலவும் இருந்தது. மந்திரம் முடிந்து துறவி பூ போட்டார். லுமோ என் காதில், "வந்துட்டாளா?" என்றாள். தெரியாது நம்கா. ஆனால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தபோது, இரண்டு மாதமாக எனக்குள் அடைத்துக்கொண்டிருந்தது விட்டது. வீட்டுக்குப் போய் ஏழு கிண்ணத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். மிச்சம் எழுபதையும் அவரவர் வீட்டில் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் மாவட்ட அலுவலர் நாடா வெட்டினார், ஆட்டம், பார்லிக் கள் எல்லாம் நடந்தது. கண்ணாடிகளைச் சுவரில் பதித்துவிட்டார்கள். உன் ஏரிச் சுவர் அழகாகத்தான் இருக்கிறது. கூரையும் அழகு. உள்ளே நடந்து ஏறும்போது மலையில் ஏறுவது போலவேதான் மூச்சு வாங்கியது. பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் விடியலில் ஏழு கிண்ணமும் கூஜா நிறையத் தண்ணீருமாகப் போனேன். வாசல் பூட்டியிருந்தது. காவலுக்கு வெளியூரிலிருந்து ஒருவரைப் போட்டிருக்கிறார்கள், மரியாதையான ஆள்.

"அக்கா, ஒம்போது மணிக்குத்தான் தொறப்போம்."

"தண்ணி வெச்சுட்டு வந்துடறேன் தம்பி. கொஞ்ச நேரம்தான்."

"உள்ளூர்க்காரங்களுக்கு டிக்கெட் பாதி வெல. ஆனா தண்ணி உள்ள கொண்டுபோகக் கூடாது. போர்டுல போட்டிருக்கு பாருங்க."

பார்த்தேன். போட்டிருக்கிறது. கிண்ணம் படம் போட்டு, அதன் மேல் சிவப்புக் கோடு.

அவரிடம் சண்டை போடவில்லை, அவர் என்ன செய்வார். கட்டடத்தை வலமாகச் சுற்றி வந்து, அவள் உட்கார்ந்திருக்கும் இடம் எதுவாக இருக்கும் என்று கணக்குப் பார்த்து, பின்சுவருக்கு வெளியே மண்ணில் ஏழு கிண்ணத்தையும் வைத்தேன். உள்ளே அவள் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், எனக்கு அவள் முதுகுதான். இன்றைக்கும் அங்கேதான் வைத்தேன். ஆடு வந்து இரண்டு கிண்ணத்தைக் குடித்துவிட்டது.

உன் மேல் கோபமில்லை. கோபமாக இருந்தால் எனக்கே புரிந்திருக்கும். அவளைக் கண்டுபிடிக்க எவ்வளவு பாடுபட்டோம். அவளும் வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் எந்த வழியாகப் போவது?

பல்மோ


செங்டு, ஜூலை 4

அக்கா,

உன் நான்காம் தேதிக் கடிதத்துக்கு என்னிடம் பதில் இல்லை, அதனால்தான் போடவில்லை. அருவருப்பு என்று நீ எழுதியதை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். அது நியாயம்தான்.

நேற்று உன் கடிதம் வந்ததும் வரைபடத்தைத் தரையில் விரித்துப் பார்த்தேன். டிக்கெட் கொடுப்பவர் எங்கே உட்காருவார், செருப்பை எங்கே விடுவார்கள், கால் வலித்தால் எங்கே உட்காரலாம், அவசரத்துக்குக் கழிப்பறை எங்கே, எல்லாவற்றுக்கும் கோடு போட்டிருக்கிறேன். அவளுக்குத் தண்ணீர் கொண்டு வருகிறவள் எப்படி உள்ளே வருவாள் என்பதற்கு ஒரு கோடுகூட இல்லை. அந்தப் போர்டும் என் அலுவலகத்தில் செய்ததுதான், நான்தான் சரி என்று எழுதினேன். பழைய கோயிலுக்குப் பூட்டே கிடையாது, அதனால் தோன்றவில்லை என்று சமாளிக்கப் பார்த்தேன். அது இல்லை அக்கா. தூண் இருக்கும், சிலை இருக்கும், நீயும் இருப்பாய் என்று நினைத்துவிட்டேன். நீ தினமும் ஒரு வீட்டிலிருந்து கிளம்பி, மூட்டுவலியோடு மேடு ஏறி, ஒரு கதவு வழியாக உள்ளே வருகிற மனுஷி என்று எனக்கு உறைக்கவில்லை. நூறு தாள் வரைந்தேன், ஒரு தாளிலும் நீ இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சிலைக்குப் பின்னால் அந்தச் சுவர் இரண்டரை அடி கனம். கூரையின் பாரம் அதன் மேல் இறங்கவில்லை, இரண்டு முறை கணக்குப் பார்த்துவிட்டேன். ஒரு ஆள் கிண்ணங்களோடு குனியாமல் போகிற அளவுக்கு அங்கே ஒரு கதவு வைக்கலாம். அதற்கு ஒரு பூட்டு, சாவி உன்னிடம். அனுமதி கேட்டு எழுதினால் அடுத்த வருஷம் பதில் வரும், முடியாது என்றுதான் வரும். அதனால் நான் கேட்கவில்லை. வேலை போனால் போகட்டும்.

அடுத்த சனிக்கிழமை கோன்போவின் பஸ்ஸில் வருகிறேன். நம் வீட்டில் கடப்பாரை இருக்கிறதா, இல்லை நான் வாங்கிக்கொண்டு வரவா?

நம்கா